பழைய கணினிக்குப் புதிய இயங்குதளம்

நுழையும்முன்

பொறி பழுதுபட்டால் பதறுவோர் பலர். பழுதின் காரணத்தை ஆராய்வோர் சிலர். கணினி திரையில் காட்டும் பிழைச் செய்தி, அது எந்த இடத்தில் தடைபட்டு நிற்கின்றது என்பதைக் கூறும் குறிப்பாகும். அக்குறிப்பைப் பொறுமையுடன் படித்து, ஒரு பழைய குறுமடிக்கணினியை மீண்டும் இயங்கச் செய்த உடன்பிறப்புகள் இருவரைப் பற்றியது இப்பாடம்.

பாடம்

ஜபல்பூர் நகரின் தொழிற்சாலைக் குடியிருப்பு ஒன்றில் தமிழ்க் குடும்பம் ஒன்று வாழ்ந்து வந்தது. தந்தையின் சொந்த ஊர் சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர். அக்காள் பத்தாம் வகுப்பிலும் தம்பி ஏழாம் வகுப்பிலும் பயின்றனர். வீட்டில் இருந்த ஒரே மடிக்கணினி தந்தையின் அலுவலுக்கே பெரிதும் தேவைப்பட்டது. தம்பிக்கோ தமிழில் தட்டச்சுப் பழக ஒரு கணினி வேண்டியிருந்தது.

குளிர்கால விடுமுறையில் ஒருநாள், அலமாரியின் மேல்தட்டில் துணிப்பை ஒன்றைக் கண்டனர். அதனுள் நெட்புக் எனப்படும் குறுமடிக்கணினி இருந்தது. 2007ஆம் ஆண்டில் ஆசுஸ் நிறுவனம் 7 அங்குலத் திரையுடன் ஈ பிசி 701 என்னும் சிறிய கணினியை வெளியிட்டது. அதன்பின் பல நிறுவனங்களும் இவ்வகைக் கணினிகளைச் செய்தன. 2008இல் வெளிவந்த இன்டெல் ஆட்டம் என்270 என்னும் செயலி அவற்றுள் பலவற்றில் இடம்பெற்றது. துணிப்பையில் இருந்த கணினியும் அச்செயலியைக் கொண்டதே. அதன் நினைவகம் 1 ஜிபி. வன்தட்டு 160 ஜிபி.

அதில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. அவ்வியங்குதளத்திற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் நாளுடன் நிறுத்தப்பட்டன. எனவே அதனை இணையத்தில் இணைப்பது பாதுகாப்பன்று. கணினியைச் செய்த நிறுவனமோ வேறு இயங்குதளம் எதனையும் அதற்கென வழங்கவில்லை. அக்காள் கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸ் வகையைச் சேர்ந்த டெபியன் 12ஐத் தேர்ந்தெடுத்தாள். அதன் வரைகலை நிறுவியில் மொழிப்பட்டியலில் தமிழும் உண்டு என்பது அவளுக்கு மகிழ்ச்சி அளித்தது.

கணினி எவ்வாறு கண்விழிக்கின்றது?

பணியில் இறங்குமுன் அக்காள் ஓர் ஏட்டில் கணினி தொடங்கும் முறையை நான்கு படிகளாக எழுதினாள்.

1. மின்விசையை அழுத்தியவுடன் தாய்ப்பலகையில் உள்ள பயாஸ் என்னும் அடிப்படை நிரல் விழித்து, நினைவகம், விசைப்பலகை முதலியவற்றைச் சோதிக்கின்றது.
2. எந்த வட்டில் முதலில் தேடுவது என்னும் வரிசைப்படி ஒரு வட்டைத் தேர்ந்து, அதன் முதல் 512 பைட்டுகளைப் படிக்கின்றது. அவற்றுள் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கு உரியவை; 64 பைட்டுகள் வட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணை; இறுதி 2 பைட்டுகள் அடையாளக் குறி.
3. அச்சிறு நிரல், தொடக்க ஏற்றி என்னும் பெரிய நிரலை அழைக்கின்றது. லினக்சில் இதற்குக் கிரப் என்று பெயர்.
4. தொடக்க ஏற்றி, இயங்குதளத்தின் உயிர்ப்பகுதியாகிய கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகின்றது. அதன்பின்னரே திரையில் முகப்புத் தோன்றும்.

“நான்கு படிகளில் எதில் நிற்கின்றது என்று தெரிந்தால், எதைச் சரிசெய்வது என்பதும் தெரிந்துவிடும்” என்றாள் அக்காள்.

முதல் தடை: மறந்துபோன வரிசை

பயாஸ் அமைப்பில் பென் டிரைவை முதல் இடத்தில் வைத்துச் சேமித்தனர். மின்கம்பியைக் கழற்றிவிட்டு, மறுநாள் காலையில் கணினியைத் தொடங்கினர். ஆனால் எக்ஸ்பியே மீண்டும் வந்தது. கடிகாரம் பல ஆண்டுகள் பின்தங்கிய நாளைக் காட்டியது. தம்பி அதைக் கவனித்து, “அக்கா, நேரத்தையும் மறந்துவிட்டதே!” என்றான். அதுவே விடையாயிற்று. தாய்ப்பலகையில் உள்ள 3 வோல்ட் நாணய மின்கலமே கடிகாரத்தையும் பயாஸ் அமைப்பையும் நினைவில் வைத்திருக்க உதவுகின்றது. அது வற்றிவிட்டால், மின்சாரம் நின்றதும் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

கணினியைப் பிரித்து மின்கலத்தை மாற்ற அவர்கள் துணியவில்லை. தொடங்கும் வட்டை அந்த ஒருமுறைக்கு மட்டும் தேர்ந்தெடுக்கும் பட்டியல் ஒன்று பயாசில் உண்டு. கணினி தொடங்கும்போது திரையின் அடியில் காட்டப்படும் விசையை அழுத்தி அப்பட்டியலைத் திறந்தனர். நிறுவும் பணி முடிந்தபின் வன்தட்டிலிருந்தே கணினி தொடங்க வேண்டும். பழைய வரிசையும் அதுவே. ஆகையால் மின்கலம் இல்லாமையால் பின்னர் இடையூறு வராது என்பதையும் அக்காள் ஏட்டில் குறித்தாள்.

இரண்டாம் தடை: நகல் வேறு, படிமம் வேறு

இம்முறை கணினி பென் டிரைவை நாடியது. ஆனால் வட்டை அகற்றிவிட்டு ஏதேனும் ஒரு விசையை அழுத்துமாறு கூறும் செய்தியே வந்தது. பதிவிறக்கிய கோப்பைத் தம்பி மற்றக் கோப்புகளைப் போலவே பென் டிரைவில் நகலெடுத்திருந்தான். அது வட்டுப்படிமக் கோப்பு. ஒரு வட்டின் முதல் பைட்டிலிருந்து இறுதிப் பைட்டு வரை உள்ள அனைத்தும் அதனுள் அடங்கியுள்ளன. அதனை அப்படியே எழுதினால்தான் முதல் 512 பைட்டுகள் உரிய இடத்தில் அமையும். படிமம் எழுதுவதற்கென்றே உள்ள மென்பொருளைக் கொண்டு, தந்தையின் மடிக்கணினியில் அதனை மீண்டும் எழுதினர். அவ்வாறு எழுதும்போது பென் டிரைவில் இருந்த பழைய கோப்புகள் அழிந்துவிடும் என்பதால், அவற்றை முன்னரே வேறிடத்திற்கு மாற்றினர்.

மூன்றாம் தடை: செயலிக்குத் தெரியாத கட்டளை

இப்போது பட்டியல் தோன்றியது. தம்பி துள்ளிக் குதித்தான். நுழைவு விசையை அழுத்தியதும் இரண்டு வரிச் செய்தி வந்து நின்றது. ‘இக்கெர்னலுக்கு எக்ஸ்86-64 செயலி தேவை, இங்கே காணப்படுவதோ ஐ686 செயலி’ என்பது அதன் பொருள்.

இச்செய்தியைக் கண்டு கணினி பழுதாகிவிட்டது எனத் தம்பி கலங்கினான். அக்காள் ஏட்டைக் காட்டி, “மூன்று படிகளைக் கடந்து நான்காம் படிக்கு வந்துவிட்டோம். கெர்னலே நம்முடன் பேசுகின்றது” என்று தேற்றினாள். என்270 ஒரு 32 பிட் செயலி. 32 பிட்டுகளால் 4,29,49,67,296 முகவரிகளைக் குறிக்க இயலும். அஃதாவது 4 ஜிபி நினைவகம். 64 பிட் செயலிகளுக்கென எழுதப்பட்ட கட்டளைகளை அது அறியாது. அவர்கள் பதிவிறக்கியதோ 64 பிட் படிமம். அதே பதிப்பின் 32 பிட் படிமத்தைப் பதிவிறக்கி எழுதியதும் தடை நீங்கிற்று.

அழிப்பதற்கு முன் ஒரு கேள்வி

மொழிப்பட்டியலில் ‘தமிழ்’ என்னும் சொல் தோன்றியது. நாடு, விசைப்பலகை ஆகியவற்றைத் தேர்ந்த பின், வட்டைப் பிரிக்கும் படி வந்தது. ‘முழு வட்டையும் பயன்படுத்துக’ என்னும் தேர்வின்மீது தம்பி சுட்டியை வைத்தான். அப்போது அலுவல் முடிந்து வந்த தந்தை, திரையைப் பார்த்துச் சற்றுநேரம் பேசாமல் நின்றார்.

“அம்மா, அதில் இருந்தவற்றை நகல் எடுத்துவிட்டாயா?” என்று மகளிடம் கேட்டார்.

“பழைய கோப்புகள்தாமே அப்பா?”

“உன் தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது அப்பத்தா இங்கே வந்திருந்தார். அவனைத் தூளியில் இட்டு அவர் பாடியதை இதில்தான் பதிவு செய்தேன். வேறெங்கும் அது இல்லை.”

அப்பத்தா மறைந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. தம்பி சுட்டியிலிருந்து கையை எடுத்தான். வட்டில் எந்த மாற்றமும் இன்னும் எழுதப்படவில்லை. ஆகையால் நிறுவும் பணியை விட்டு வெளியேறி, பென் டிரைவைக் கழற்றிவிட்டு எக்ஸ்பியைத் தொடங்கினர். பல கோப்புறைகளைத் தேடியபின் ஒலிக்கோப்பு கிடைத்தது. அதனையும் நிழற்படங்களையும் வேறொரு பென் டிரைவில் நகலெடுத்து, தந்தையின் மடிக்கணினியிலும் சேர்த்தனர்.

“நகல் எடுத்தாயிற்று, தொடங்கலாமா?” என்றான் தம்பி.

“திறந்து பார்க்காத நகலை நம்பக் கூடாது” என்று கூறி, அக்காள் மடிக்கணினியில் அக்கோப்பை ஒலிக்கச் செய்தாள். இரைச்சலுக்கு நடுவே முதிய குரல் ஒன்று தாலாட்டியது. தூளியின் கயிறு கிறீச்சிடும் ஓசையும் கேட்டது. தந்தை அப்படியே அமர்ந்துவிட்டார். பாடல் முழுவதையும் கேட்ட பின்னரே அவர்கள் குறுமடிக்கணினியிடம் திரும்பினர்.

நான்காம் தடை: முகவரி மாறிய ஏற்றி

நிறுவும் பணி ஏறத்தாழ முடிந்தது. தொடக்க ஏற்றியை எந்த வட்டில் வைப்பது என்று நிறுவி கேட்டபோது, தம்பி பட்டியலில் முதலில் இருந்ததைத் தேர்ந்தான். கிரப்பை நிறுவ இயலவில்லை என்ற செய்தி வந்தது. பொறுமை இழந்த அவன், தொடக்க ஏற்றி இன்றியே தொடர்வதற்கான தேர்வை அழுத்திவிட்டான். பென் டிரைவை அகற்றி மீண்டும் தொடங்கியபோது, இயங்குதளம் காணப்படவில்லை என்று திரை கூறிற்று.

இயங்குதளம் வட்டில் இருந்தது; அதனை அழைப்பதற்குத்தான் எவரும் இல்லை. மூன்றாம் படி விடுபட்டிருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் நிறுவ வேண்டும் எனத் தம்பி எண்ணினான். அக்காள் அதற்கு உடன்படாமல், பென் டிரைவின் பட்டியலில் உள்ள மீட்பு முறையைத் திறந்தாள். வட்டுகளின் கொள்ளளவை ஒப்பிட்டபோது உண்மை விளங்கிற்று. முதலில் இருந்தது 8 ஜிபி பென் டிரைவ். இரண்டாவதே 160 ஜிபி வன்தட்டு. கணினி வட்டுகளுக்கு இடும் பெயர்வரிசை எப்போதும் ஒரே வகையில் அமைவதில்லை. கொள்ளளவே நம்பத்தகுந்த அடையாளம். கிரப்பை வன்தட்டில் நிறுவுமாறு கட்டளையிட்டாள். ஒருசில நிமிடங்களில் பணி முடிந்தது.

பென் டிரைவைக் கழற்றித் தம்பியே மின்விசையை அழுத்தினான். பயாஸ், கிரப், கெர்னல் என ஒவ்வொரு படியும் கடந்து, எளிய முகப்பு ஒன்று தமிழ் எழுத்துகளுடன் தோன்றிற்று.

இக்கணினியின் வாழ்நாள் எல்லையற்றதன்று. 2025இல் வெளிவந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை. எனினும் தட்டச்சுப் பழகவும் பாடல் கேட்கவும் அது இன்னும் சில காலம் உதவும். தம்பி அதில் முதன்முதலில் தட்டச்சு செய்தது, அப்பத்தாவின் தாலாட்டு வரிகளை. ஒரு சொல் அவனுக்கு விளங்கவில்லை. தந்தை ஊருக்குத் தொலைபேசியில் பேசி, தம் அத்தையிடம் அதன் பொருளைக் கேட்டுச் சொன்னார்.

சொற்பொருள்

இயங்குதளம் – கணினியின் உறுப்புகளையும் மென்பொருள்களையும் இணைத்து இயக்கும் அடிப்படை மென்பொருள்
செயலி – கட்டளைகளை நிறைவேற்றும் மின்னணுச் சில்லு
வன்தட்டு – கோப்புகளை நிலையாகச் சேமிக்கும் உறுப்பு
படிமம் – ஒரு வட்டின் முழு உருவையும் கொண்ட கோப்பு
தூளி – குழந்தையை உறங்கவைக்கும் துணித்தொட்டில்
அப்பத்தா – தந்தையின் தாய்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. கடிகாரத்தையும் பயாஸ் அமைப்பையும் நினைவில் வைத்திருக்க உதவுவது __________ மின்கலம்.
2. வட்டின் முதல் 512 பைட்டுகளுள் தொடக்க நிரலுக்கு உரியவை __________ பைட்டுகள்.
3. இன்டெல் ஆட்டம் என்270 ஒரு __________ பிட் செயலி.

ஆ. தடையையும் அதன் காரணத்தையும் பொருத்துக.
1. எக்ஸ்பியே மீண்டும் வந்தது – படிமம் எழுதப்படாமை
2. வட்டை அகற்றுமாறு செய்தி – தொடக்க ஏற்றி இல்லாமை
3. வேறு செயலி தேவை எனச் செய்தி – மின்கலம் வற்றியமை
4. இயங்குதளம் காணப்படவில்லை – 64 பிட் படிமம்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. எக்ஸ்பி உள்ள கணினியை இணையத்தில் இணைப்பது ஏன் பாதுகாப்பன்று?
2. வன்தட்டை அக்காள் எவ்வாறு அடையாளம் கண்டாள்?
3. ‘திறந்து பார்க்காத நகலை நம்பக் கூடாது’ – இக்கூற்றின் பொருளை விளக்குக.

ஈ. மொழிப்பயிற்சி
எடுத்துக்காட்டில் உள்ளவாறு இரு தொடர்களையும் ‘ஆகையால்’ என்னும் சொல்லால் இணைத்து எழுதுக.
எ.கா. மின்கலம் வற்றியது. கடிகாரம் நின்றது. – மின்கலம் வற்றியது. ஆகையால் கடிகாரம் நின்றது.
1. செயலி 32 பிட் வகையைச் சேர்ந்தது. 64 பிட் கெர்னல் இயங்கவில்லை.
2. வட்டில் மாற்றம் எழுதப்படவில்லை. ஒலிக்கோப்பு தப்பியது.

உ. செயல்பாடு
வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடம் அவர் அறிந்த தாலாட்டு ஒன்றைப் பாடச் சொல்லிப் பதிவு செய்க. அதனை இரண்டு இடங்களில் சேமித்து, இரண்டையும் ஒலிக்கச் செய்து சரிபார்க்க. பாடலில் பொருள் விளங்காத சொற்களைக் கேட்டறிந்து ஏட்டில் எழுதுக.