முடிவும் சுவைஞரும்

கதையின் முடிவு யாருக்கு உரியது? படைத்தவர்க்கா, சுவைப்பவர்க்கா? அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ இவ்வினாவை எழுப்பியது.

2011 ஏப்ரலில் தொடங்கிய அத்தொடர், 73 பகுதிகளாக வளர்ந்து 2019 மே 19-இல் நிறைவெய்தியது. அடிமைகளை விடுவித்த டெனேரிஸ், பணிந்துவிட்ட நகரைப் பறவைநாகத்தின் தீயால் அழித்தாள். காதலன் கையாலேயே மாண்டாள். பெண்மக்களுக்கு அவள் பெயரைச் சூட்டியிருந்த பெற்றோரும் உண்டு. அவர்தம் மனநிலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சுவைஞர் இருபிரிவாயினர். இறுதிப் பருவத்தை மீண்டும் எடுக்கக் கோரிப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அவ்வாண்டே, சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதும் அதற்குக் கிடைத்தது.

கொடுமையின் வித்து முன்பே ஊன்றப்பட்டது என்றனர் ஆதரித்தோர். மீரீன் நகரில் 163 பேரைச் சிலுவையில் அறைந்தவள் அவளே அன்றோ! வித்து மரமாகக் காலம் தரப்படவில்லை என்றனர் மறுத்தோர். இறுதிப் பருவம் ஆறே பகுதிகளில் முடிந்தது.

இரண்டும் உண்மையே என்பது நம் கருத்து. துன்பமுடிவு குற்றமன்று, அதற்குச் செல்லும் வழியைச் சுருக்கியதே குறை. ‘பிடிக்கவில்லை’ என்பதோடு நில்லாது, ‘ஏன்’ என வினவும் இடத்திலேயே திறனாய்வு பிறக்கிறது என்பதை மாணவர் உளங்கொள்வாராக!