சீமைக் கருவேலம்: வெட்டுவதா, பிடுங்குவதா, விட்டுவைப்பதா?

கண்மாய்க்குள் சீமைக் கருவேலம் மண்டிய ஊர்களில் கோடை வந்தாலே இந்த வருஷமாவது அதை ஒழித்துவிட வேண்டும் என்ற பேச்சு எழும். எப்படி ஒழிப்பது என்றால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ஏலம் விடலாம் என்பார் ஒருவர், ஜேசிபி வைத்துப் பிடுங்கலாம் என்பார் இன்னொருவர். கரிமூட்டம் போடுகிறவர்களுக்கோ அந்த மரம் போனால் பிழைப்பு போய்விடும்.

செலவு என்றதும் நாம் முதல் நாள் செலவைத்தான் கணக்கிடுகிறோம். ஜேசிபிக்கு மணிக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஓடும் என்பதோடு பேச்சு முடிகிறது. மரத்தின் கணக்கு அங்கே முடிவதில்லை. மேலே வெட்டினால், மண்ணையொட்டிய தூரிலிருந்து அது மறுபடி துளிர்க்கும். நெற்றைத் தின்ற ஆடு மாடுகள் விதையைச் சாணத்திலும் புழுக்கையிலும் ஊரெல்லாம் விதைக்கும். மண்ணுக்குள் போன விதை ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எந்த வழியானாலும் குறைந்தது மூன்று ஆண்டுச் செலவைக் கூட்டிய பிறகே ஒப்பிட வேண்டும்.

அப்படிக் கூட்டினால், மலிவாகத் தெரிகிற ஏலம்தான் கண்மாய்க்கு மிக மோசமான வழி. ஏலம் எடுப்பவருக்கு வேண்டியது விறகு, வேர் அல்ல. வண்டி போகிற இடத்தில் உள்ள பருத்த மரங்களை வெட்டிக்கொண்டு தூரையும் கன்றுகளையும் விட்டுவிடுவார். கையில் கொஞ்சம் பணம் வரும். இரண்டு மழைக்குப் பிறகு பழையதைவிட அடர்த்தியான புதர் நிற்கும். ஏலம்தான் ஒரே வழி என்றால், தூரையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக எழுதி, அந்த வேலை முடியும்வரை வைப்புத்தொகையைத் திருப்பித் தராமல் இருங்கள்.

வேரோடு பிடுங்குவது கூடுதல் செலவு. ஆனால் கண்மாய் உள்வாய்க்கும் வரத்துக்காலுக்கும் அதுதான் சரி, ஏனென்றால் அங்கே இழப்பது விறகை அல்ல, தண்ணீரை. நெற்று முற்றி உதிர்வதற்கு முன், நிலம் காய்ந்திருக்கும்போது செய்ய வேண்டும். கரையில் நிற்கும் மரங்களை மட்டும் இயந்திரத்தால் பிடுங்காதீர்கள், கரை இளகிவிடும். அவற்றைக் கையால் வெட்டி, துளிரைத் திரும்பத் திரும்பக் கிள்ளித்தான் அடக்க வேண்டும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் முளைக்கும் கன்றுகளைப் பறிக்க ஆள்கூலி வேண்டும். அந்தத் தொகையை முதல் மதிப்பீட்டிலேயே எழுதாவிட்டால் பின்னால் எவரும் தரப்போவதில்லை.

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்து மானாவாரித் தரிசு வேறு விஷயம். அங்கே இந்த மரத்தை ஒரு பயிர்போல முறைவைத்து வெட்டி மூட்டம் போடுகிறார்கள். வேறு எதுவும் விளையாத நிலத்தில், மழை பொய்த்த ஆண்டிலும் கூலி தரும் மரம் அது. பிடுங்கிய பிறகு அங்கே என்ன செய்வது என்பதற்குப் பதில் இல்லையென்றால் பிடுங்காமல் இருப்பதே மேல், வெறும் நிலத்தில் மறுபடி அதுவேதான் முளைக்கும். ஆனால் சுழற்சி வெட்டுக்கு ஒப்புக்கொள்பவர் பக்கத்து நிலத்தையும் ஓடையையும் காக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். கரி விற்ற பணம் ஒருவருக்கும் கன்று பறிக்கும் செலவு அயலாருக்கும் என்பது நியாயமில்லை.

பூச்சியைவிட்டுத் தின்ன வைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. தென்னிந்தியாவில் பரவிக் கிடந்த சப்பாத்திக்கள்ளியை அடக்கியது 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த செதில் பூச்சி. 2008-ல் கோயம்புத்தூர்ப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சிக்கு 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து விட்டார்கள். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி விவசாயிகள் மீண்டார்கள். செலவைப் பார்த்தால் இதைவிட மலிவான வழி இல்லை. ஒருமுறை நிலைத்துவிட்டால் பூச்சி கூலி கேட்காது. ஆனால் மாவுப்பூச்சி இருக்கட்டும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. சீமைக் கருவேலத்துக்கு அப்படிச் சொல்ல ஆயிரக்கணக்கான கரித்தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பூச்சி பட்டா நிலம், புறம்போக்கு என்று பார்க்காது. விட்ட பிறகு திரும்ப அழைக்கவும் முடியாது. ஆகவே இது ஊராட்சி எடுக்கும் முடிவல்ல. அரசு, ஆராய்ந்து, பிழைப்பை இழப்பவர்களுக்கு மாற்றுவழி சொன்ன பிறகே எடுக்க வேண்டும்.

மாநிலம் முழுமைக்கும் ஒரே உத்தரவு பயன்படாது என்பதை 2017-ல் பார்த்தோம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் ஊருக்கு ஊர் அவசரமாக வெட்டினார்கள். அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அயல் தாவரக் கொள்கை, அகற்றுவதோடு நில்லாமல் அந்த இடத்தின் சூழலை மீட்பதையும் சேர்த்துப் பேசுகிறது. அதுதான் சரியான பாதை. முதுமலையில் பரவிய மஞ்சள் கொன்றை என்ற இன்னொரு அயல் மரத்தை வெட்டிக் காகித ஆலைக்குக் கொடுக்கும் ஏற்பாடும் அரசின் சுமையைக் குறைக்கிறது. அங்கும் கவனம் வேண்டும்: ஆலைக்கு வேண்டியது மரம், கன்றைப் பிடுங்க வனத்துறைதான் பணம் ஒதுக்க வேண்டும்.

கையிருப்பு குறைவாக உள்ள ஊராட்சிக்கு என் யோசனை இது. அடர்ந்த காட்டில் கைவைக்காதீர்கள். ஊர் எல்லையில் இப்போதுதான் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டும் கன்றுகளை முதலில் பிடுங்குங்கள். மண்வெட்டியும் நாலு ஆளும் போதும். அடுத்து வரத்துக்கால், மடை முகம், அதன்பின் கண்மாய் உள்வாய். உள்வாயிலும் மூன்று ஆண்டு பராமரிக்க முடிந்த பரப்பை மட்டும் இந்தக் கோடையில் எடுங்கள். மீதி அடுத்த கோடைக்கு இருக்கட்டும்.