கள்ளியை வெட்டிப் பார்க்காதேங்கோ, முள்ளைப் பாருங்கோ

வளவு துப்பரவாக்க வெளிக்கிட்ட உடனே கத்தியைத் தூக்கிற பழக்கத்தை முதல்ல விடுங்கோ தங்கச்சிமாரே. “கள்ளியெண்டா பால் வரும், ஒரு கொப்பை வெட்டிப் பார்ப்பம்” எண்டு ஆரும் சொன்னா கேட்காதேங்கோ. பால் கண்ணில தெறிச்ச பிறகு அது சதுரக்கள்ளியெண்டு தெரிஞ்சு என்ன பிரயோசனம்? கல்லு மலைச்சரிவில நிற்கிற செடிதான், ஆனா எங்கட பக்கத்து வறண்ட பற்றையும் மணல்தரையும் அதுக்குப் போதும்.

1. முள் சோடியாய் நிற்குதோ பாருங்கோ. சதுரக்கள்ளித் தண்டின்ர விளிம்பு நேராய் இராது. நெளிஞ்சு, இடைக்கிடை மொளி தட்டியிருக்கும். ஒவ்வொரு மொளியிலயும் இரண்டு கட்டைமுள், ஆளுக்கொரு பக்கமாய் விரிஞ்சு நிற்கும். நாகதாளியில ஒரு பொட்டுக்குள்ளயிருந்து முள் கொத்தாய் வரும், கையில ஏறினா எடுக்கேலாத சுணையும் இருக்கும். தண்டும் சப்பட்டை.

2. பட்டை எண்ணி மினக்கெடாதேங்கோ. இளங்கொப்பு மூண்டு பட்டையாயும் இருக்கும், நாலு அஞ்சாயும் இருக்கும். அடிமரம் முத்தினா உருண்டிடும்.

3. டிராகன் புரூட் கொடியோட மாறாதேங்கோ. அதுவும் மூண்டு பட்டைதான், கனபேர் ஏமாறுறது இதிலதான். அது தூணைப் பிடிச்சு ஏறும், தண்டிலயிருந்து வேர் விடும், பால் வராது. சதுரக்கள்ளி தன்ர காலில நிற்கும். நட்ட கொடியைக் கள்ளியெண்டு பிடுங்கி எறிஞ்சிட்டு என்னட்ட வந்து அழவேண்டாம்.

4. நேர்சரியில சதுரக்கள்ளி வேணுமெண்டா ‘யூபோர்பியா அன்டிகுவோரம்’ எண்டு கேளுங்கோ. லின்னேயஸ் 1753 இல வைச்ச பேர் அது. தண்டு நடுவில வெள்ளைக் கோடு ஓடினா, இல்லாட்டி மொளியெல்லாம் இலை பிடிச்சு நிண்டா, அனேகமாய் வேற இனம். எங்கட செடியில இலை குட்டியாய் வந்து கெதியாய் உதிர்ந்திடும்.

5. பூத்திருந்தா இன்னும் லேசு. மஞ்சள்பச்சையில பொடிப்பூ, மூண்டு மூண்டாய் முள்ளுக்குக் கிட்ட இருக்கும். காயும் மூண்டு பிரிவு. பெரிய வடிவான பூவெண்டா அது சதுரக்கள்ளியில்லை.

6. வெட்டத்தான் வேணுமெண்டா கண்ணாடி, கையுறை, நீட்டுக்கை சட்டை. பிள்ளையளைக் கிட்ட விடாதேங்கோ. வெட்டின கொப்பை எரிக்காதேங்கோ, புகையும் கண்ணை எரிக்கும். பால் தோலில பட்டா சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ.

கண்ணில பட்டா கசக்காதேங்கோ. ஓடுற தண்ணியில 15, 20 நிமிசம் கழுவிப்போட்டு அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. நோ சிலவேளை கனநேரம் கழிச்சுத்தான் தொடங்கும், “இப்ப சுகம்தானே” எண்டு இருக்கப்படாது. தாய்ப்பால், எண்ணெய் விடுற கைவைத்தியமும் வேண்டாம்.

7. முகமாலைப் பக்கம் சிவப்புப் பலகையில மண்டையோடு போட்டிருக்கிற பற்றைக்குள்ள ஒரு செடியும் பார்க்கவேண்டாம். மிதிவெடிக்கு முள் தெரியாது.

கனடாவில இருக்கிற சித்தி ஒரு கொப்பு கேட்டாலும் சூட்கேசுக்குள்ள ஒளிச்சு விடாதேங்கோ. சதைப்பிடிப்பான கள்ளியினம், அருகிவாற உயிரினங்களின்ர வியாபாரத்தைக் கட்டுப்படுத்திற சைட்டிஸ் ஒப்பந்தத்தின்ர 2ஆம் பட்டியலில இருக்கு, அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாடு தாண்டேலாது. ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ, முள் தெளிவாய்த் தெரியிற மாதிரி.