இமைமுடி நீட்டிப்பு: சொந்த முடி கொட்டுமா?

மாணவர்களே, பேரங்காடிக்குப் போகும்போது இந்தக் காட்சியைக் கவனித்திருப்பீர்கள். ஒருவர் சாய்வுக் கட்டிலில் கண்களை மூடிப் படுத்திருப்பார். அவர் தலைமாட்டில் அமர்ந்திருக்கும் பெண், விளக்கொளியில் இரண்டு இடுக்கிகளைப் பிடித்துக்கொண்டு நுணுக்கமாக ஏதோ செய்துகொண்டிருப்பார். அதுதான் இமைமுடி நீட்டிப்பு.

தீபாவளியோ கல்யாணமோ நெருங்கினால் வீட்டிலும் இந்தப் பேச்சு எழும். “அதைச் செய்தால் சொந்த முடி கொட்டிவிடுமாமே?” என்று அம்மா கேட்பார். “அதெல்லாம் ஒன்றும் ஆகாதும்மா” என்று அக்கா சொல்வார். யார் சொல்வது சரி? உயிரியல், வேதியியல், இயற்பியல் ஆகிய மூன்றையும் கொஞ்சம் தொட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

இமைமுடி எதற்காக?

மேல் இமையில் சுமார் 90 முதல் 160 முடிகளும் கீழ் இமையில் 75 முதல் 80 முடிகளும் இருக்கின்றன. மேல் இமைமுடியின் நீளம் பொதுவாக 8 முதல் 12 மி.மீ. வரை. அதன் வேரைச் சுற்றி நரம்பு முனைகள் உண்டு. ஒரு தூசி முடியைத் தொட்டாலே இமை தானாக மூடிக்கொள்வது அதனால்தான்.

அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 22 வகைப் பாலூட்டிகளின் இமைமுடிகளை அளந்து ஒப்பிட்டனர். முடியின் நீளம், கண்ணின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருந்தது. பிறகு செயற்கைக் கண் ஒன்றைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தனர. அதே நீளத்தில் முடி இருந்தபோது, கண்ணில் படியும் தூசியும் ஆவியாகும் ஈரமும் பாதியளவு வரை குறைந்தன. முடியை மேலும் நீளமாக்கியபோது, அது காற்றைக் கண்ணை நோக்கியே திருப்பிவிட்டது. ஆக, நீளம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைப்பது தவறு.

ஒவ்வொரு முடிக்கும் ஒரு கடிகாரம்

இமைமுடி மூன்று கட்டங்களைக் கடக்கிறது: வளர்ச்சி, மாற்றம், ஓய்வு. வளர்ச்சிக் கட்டத்தில் அது நாளொன்றுக்குச் சுமார் 0.12 மி.மீ. வளரும். சில வாரங்களில் வளர்ச்சி நின்றுவிடும். ஓய்வுக் கட்டத்தின் முடிவில் பழைய முடி உதிர்ந்து, அதே மயிர்க்காலில் புதிய முடி முளைக்கும். தினமும் ஒன்று முதல் ஐந்து முடிகள் உதிர்வது இயல்பே.

இங்கே ஒரு முக்கியமான செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்து முடிகள் ஒரே கட்டத்தில் இருப்பதில்லை. ஒன்று வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும். அடுத்தது ஓய்வில் இருக்கும்.

ஒரு செயற்கை முடியை ஒரே ஒரு சொந்த முடியில் ஒட்டினால், அந்த முடி தன் காலம் முடிந்ததும் செயற்கை முடியோடு சேர்ந்து உதிரும். இதில் கெடுதல் இல்லை. ஆனால் பசை வழிந்து இரண்டு மூன்று சொந்த முடிகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டால்? வளரும் முடி, வளராத முடியை வேரிலிருந்து இழுக்கும். உதிர வேண்டிய முடியோ மற்றதையும் பிடித்து இழுக்கும். இந்த இழுப்பு மாதக்கணக்கில் தொடர்ந்தால் மயிர்க்கால் நலிந்துவிடும். இதை இழுவை முடியிழப்பு என்பார்கள். மயிர்க்கால் முற்றிலும் சிதைந்துவிட்டால் அந்த இடத்தில் முடி மீண்டும் முளைக்காது.

பசையின் வேதியியல்

இந்த வேலைக்குப் பயன்படும் பசை சயனோஅக்ரிலேட் வகையைச் சேர்ந்தது. வீட்டில் உடைந்த பொருளை ஒட்டும் ‘சூப்பர் குளூ’வும் இதே குடும்பம்தான். 1942-இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் வேதியியலாளர் ஹாரி கூவர், துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது இதைக் கண்டார். எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்கிறது என்று அப்போது ஒதுக்கிவிட்டார். அந்தக் குறையே பெரிய குணம் என்பது 1951-இல் புரிந்தது. 1958-இல் அது பசையாக விற்பனைக்கு வந்தது.

இது உலர்வதால் இறுகும் பசை அன்று. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் இதன் சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோல் கோத்துக்கொண்டு பலபடியாகின்றன. நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டைத் தாண்டிவிடும். அந்த ஈரத்தில் பசை, முடியைச் சரியாக வைப்பதற்குள் இறுகிவிடும், பிடிப்பும் பலவீனமாகும். கவனமாகத் தொழில் செய்பவர்கள் குளிர்சாதன அறையில் ஈரப்பதமானி வைத்திருப்பது இதற்காகத்தான்.

பசை இறுகும்போது எழும் ஆவி கண்ணை எரிக்கும். இத்தகைய பசைகளிலிருந்து சிறிதளவு ஃபார்மால்டிஹைடும் வெளியாகக்கூடும். எனவே வேலை முடியும்வரை கண்கள் முழுமையாக மூடியிருக்க வேண்டும். சிலருக்கு இந்தப் பசையே ஒவ்வாது. ஓரிரு நாள் முன்பே சிறிதளவு வைத்துச் சோதிப்பது நல்லது. முதல் தடவை ஒன்றும் ஆகாதவருக்கும் பின்னொரு தடவை ஒவ்வாமை வரலாம் என்பதை மறக்க வேண்டாம்.

எடையும் நெம்புகோலும்

ஓர் அடிக்கோலின் ஒரு முனையை விரல்களால் கிடைமட்டமாகப் பிடியுங்கள். 10 செ.மீ. குறியில் ஓர் அழிப்பானை வையுங்கள். பிறகு அதை 30 செ.மீ. குறிக்கு நகர்த்துங்கள். எடை அதேதான்; ஆனால் விரல்கள் படும் பாடு கூடிவிட்டது அல்லவா? இதுவே திருப்புத்திறன். உங்கள் விரல்களின் இடத்தில் மயிர்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. 0.10 மி.மீ. விட்டமும் 8 மி.மீ. நீளமும் உள்ள செயற்கை முடியையும், அதே பொருளால் ஆன 0.20 மி.மீ. விட்டமும் 12 மி.மீ. நீளமும் உள்ள முடியையும் ஒப்பிடுவோம். விட்டம் இரு மடங்கானால் குறுக்குப் பரப்பு 4 மடங்கு. நீளம் 1.5 மடங்கு. ஆகவே எடை 6 மடங்கு. எடையின் மையமும் 1.5 மடங்கு தள்ளிப் போவதால், வேர் தாங்கும் திருப்புத்திறன் 9 மடங்கு! ‘இன்னும் கொஞ்சம் தடிமனாக, இன்னும் கொஞ்சம் நீளமாக’ என்று கேட்பதன் விலை இது.

சரியாக ஒட்டும் முறை

1. கண் வில்லை அணிந்திருந்தால் கழற்ற வேண்டும். கை, கருவி, இமை மூன்றும் சுத்தமாக இருக்க வேண்டும்.
2. கீழ் இமைமுடிகள் மேல் முடிகளோடு ஒட்டாதபடி ஒரு மெல்லிய பட்டையால் மூடப்படும்.
3. ஓர் இடுக்கி ஒரே ஒரு சொந்த முடியைத் தனியே பிரித்துப் பிடிக்கும். மற்றோர் இடுக்கி பசை தொட்ட செயற்கை முடியை அதன்மேல் வைக்கும்.
4. இமைத்தோலில் பசை படக் கூடாது. தோலிலிருந்து 0.5 முதல் 1 மி.மீ. இடைவெளி விட வேண்டும்.
5. மிக இளமையான, மெல்லிய முடிகளை விட்டுவிட வேண்டும்.

இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்து ஒட்ட இரண்டு மணி நேரம்கூட ஆகும். அரை மணி நேரத்தில் முழுதும் முடிந்துவிட்டால், முடிகள் சரியாகப் பிரிக்கப்பட்டனவா என்று சந்தேகிக்கலாம்.

பராமரிப்பு

“தண்ணீர் பட்டால் கழன்றுவிடும்” என்று சிலர் வாரக்கணக்கில் இமையைக் கழுவுவதே இல்லை. இதுதான் பெரிய தவறு. இமை விளிம்பில் எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. எண்ணெயும் அழுக்கும் இறந்த செல்களும் சேர்ந்தால் கிருமிகள் பெருகி இமை அழற்சி வரும். பசை நன்கு இறுகிய பிறகு, எண்ணெய் கலக்காத மென்மையான கழுவும் நுரையால் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். கண்ணைக் கசக்கவோ முடியைப் பிடுங்கவோ கூடாது.

முடி வளர வளரச் செயற்கை முடியும் வேரிலிருந்து விலகிப் போகும். மூன்று வாரத்தில் 0.12 x 21 = 2.52 மி.மீ.! அடிக்கோலில் அழிப்பானை நகர்த்தியது நினைவிருக்கிறதா? அதனால்தான் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, விலகியவற்றை அதற்குரிய நீக்கும் களிம்பால் எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டுகிறார்கள். சொந்த முடி மெலிந்து தெரிந்தால் சில மாதங்கள் ஓய்வு கொடுப்பதே நல்லது.

கண் சிவந்தாலோ, வீங்கினாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். பசை கண்ணில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரால் கழுவுங்கள்; ஒட்டிய இமைகளைப் பலவந்தமாகப் பிரிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இணையத்தில் பசை வாங்கி வீட்டில் தோழியின் கண்ணில் பழகிப் பார்ப்பது கூடவே கூடாது.

இனி அம்மாவுக்கும் அக்காவுக்கும் என்ன பதில் சொல்வீர்கள்? ஒரு முடிக்கு ஒரு முடி, தாங்கும் எடை, தினமும் சுத்தம் என்றால் அக்கா சொல்வது பெரும்பாலும் சரி. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அம்மாவின் பயம் நியாயமானதே.

சிந்தித்து விடை காண்க

1. இமைத்தோலிலிருந்து 1 மி.மீ. தள்ளி ஒட்டிய செயற்கை முடி, 25 நாளுக்குப் பின் எவ்வளவு தூரத்தில் இருக்கும்? (விடை: 4 மி.மீ.)
2. பாலைவனத்தில் வாழும் ஒட்டகத்திற்கு இமைமுடி ஏன் தேவை? காற்றுச் சுரங்கச் சோதனையைக் கொண்டு விளக்குக.
3. வறண்ட குளிர்சாதன அறையில் பசை இறுகும் வேகம் கூடுமா, குறையுமா? காரணம் கூறுக.