வேகத்தைக் கண்ணெதிரே காட்டும் கருவி: கண் கூசாமல், குறைந்த செலவில் எப்படி?

வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டுகிறீர்கள். வேகமானியைப் பார்க்க ஒரே ஒரு விநாடி கண்ணைத் தாழ்த்துகிறீர்கள். அந்த ஒரு விநாடியில் கார் ஏறக்குறைய 30 மீட்டர் ஓடிவிடும். 110,000 மீட்டரை 3,600 விநாடிகளால் வகுத்துப் பாருங்கள், கணக்கு புரியும். முன்னே செல்லும் லோரி அந்த நேரம் பார்த்துப் பிரேக் பிடித்தால் என்ன ஆகும்?

இந்தத் தலைகுனிவைத் தவிர்க்க வந்ததுதான் 'ஹெட்-அப் டிஸ்பிளே', அதாவது தலைநிமிர் காட்சி. போர் விமானிகளுக்காக உருவான இத்தொழில்நுட்பம், 1988இல் ஜெனரல் மோட்டார்ஸ், நிசான் ஆகிய நிறுவனங்களின் கார்களில் இடம்பெற்றது. வேகத்தைக் காட்டும் எண்கள் சாலையின் மேலேயே மிதப்பதுபோல் தெரியும்.

இன்று இணையக் கடைகளில் மலிவான கருவிகளும் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பல, பகலில் மங்கிப் போகின்றன. இரவில் கண்ணைக் கூச வைக்கின்றன. ஓர் எண்ணை இரண்டாகக் காட்டுகின்றன. பாதுகாப்புக்காக வாங்கிய கருவியே கவனத்தைச் சிதறடித்தால் அது இல்லாமல் இருப்பதே மேல். இந்தக் குறைகளின் காரணம் தெரிந்தால், குறைந்த செலவிலேயே அவற்றைத் திருத்தலாம்.

பகலில் ஏன் தெரிவதில்லை?

திரையின் ஒளி கண்ணாடியில் சாய்வாகப் பட்டு, உங்கள் கண்ணுக்குத் திரும்புகிறது. கண்ணாடிப் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 60 பாகை சாய்ந்து ஒளி படும்போது, ஒரு பரப்பு சுமார் 9 விழுக்காட்டை மட்டுமே திருப்பி அனுப்பும். 500 நிட் ஒளிர்வுள்ள கைப்பேசித் திரையிலிருந்து கண்ணுக்கு வருவது 45 நிட்தான். நண்பகல் வெயிலில் தார்ச்சாலையின் ஒளிர்வோ ஆயிரக்கணக்கான நிட். பட்டப்பகலில் மெழுகுவத்தி ஏற்றிய கதைதான்.

'அப்படியானால் முன்கண்ணாடியில் ஆடிபோன்ற பளபளப்புத் தாளை ஒட்டினால் என்ன?' என்று கேட்பீர்கள். பிரதிபலிக்கும் ஒளி கூடினால், ஊடுருவிச் செல்லும் ஒளி குறையும். முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் விதி. சாலையை மறைத்து வேகத்தைக் காட்டுவதில் பயனில்லை.

காசு செலவில்லாத ஒரு வழி உண்டு. எல்சிடி திரையின் ஒளி ஒரே திசையில் அதிர்வது. அத்திசை கண்ணாடியின் பரப்புக்கு இணையாக இருந்தால், அதே 60 பாகையில் சுமார் 18 விழுக்காடு திரும்பும். அதற்குக் குறுக்காக இருந்தால் 1 விழுக்காடுகூடத் திரும்பாது. ஆகவே திரையை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோம் என்பதாலேயே ஒளிர்வு இரு மடங்காகலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. 'போலரைஸ்டு' வகைக் கறுப்புக் கண்ணாடி, சாலையிலிருந்து வரும் கூச்சத்தைத் தடுப்பதற்காக, கிடைத்திசையில் அதிரும் ஒளியைத்தான் வடிகட்டுகிறது. அதை அணிந்தால் இந்த எண்களும் மங்கிவிடும்.

ஓர் எண் ஏன் இரண்டாகிறது?

கண்ணாடிக்கு உட்பரப்பு, வெளிப்பரப்பு என இரண்டு பரப்புகள் உண்டு. இரண்டும் தனித்தனியே பிம்பம் தருகின்றன. முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. விலை உயர்ந்த கார்களில் இப்படலத்தை ஆப்புபோல, ஒரு பக்கம் சற்றே தடிப்பாகச் செய்து, இரு பிம்பங்களையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்துகிறார்கள். இதற்குச் செலவு அதிகம்.

மலிவான வழி, டேஷ்போர்டின் மேல் ஒரு சிறிய, மெல்லிய ஒளிபுகும் தகட்டை நிறுத்துவது. தகடு மெலிந்தால் இரு பிம்பங்களும் நெருங்கிவிடும். பின்பரப்பில் மட்டும் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இருந்தால் இரண்டாவது பிம்பம் ஏறக்குறைய மறைந்துவிடும்.

பிம்பம் எவ்வளவு தூரத்தில்?

தட்டையான தகட்டுக்கு 30 செ.மீ. முன்னால் திரை இருந்தால், பிம்பம் 30 செ.மீ. பின்னால் தெரியும். தகடு கண்ணிலிருந்து 80 செ.மீ. தொலைவில் இருந்தால் மொத்தம் 110 செ.மீ. தொலைவிலுள்ள சாலையைப் பார்த்த கண், இவ்வளவு அருகில் மீண்டும் குவிய வேண்டும். அதற்கும் நேரம் பிடிக்கும்.

தகட்டைச் சற்றே வளைத்து, குழிந்த பக்கத்தை ஓட்டுநரை நோக்கி வையுங்கள். இப்போது அது பள்ளியில் படித்த குழியாடியாகிவிடும். குவியத் தூரம் 40 செ.மீ., திரை 30 செ.மீ. தொலைவில் என்று கொள்வோம். 1/40-லிருந்து 1/30-ஐக் கழித்தால் கழித்தல் 1/120. பிம்பம் தகட்டுக்கு 120 செ.மீ. பின்னால், 4 மடங்கு பெரிதாகத் தெரியும். கண்ணிலிருந்து 2 மீட்டர்! ஒரு சென்டிமீட்டர் உயர எண் 4 செ.மீ. ஆகிறது. தகட்டின் தடிமன் எங்கும் சமமாக இருந்தால், அதன் ஊடே தெரியும் சாலை பெரிதாகச் சிதையாது.

கூச்சத்தை அடக்கும் மூன்று வழிகள்

1. ஒளியுணரி: பகலில் போதாத அதே ஒளி, இருட்டில் கண்ணை உறுத்தும். மலிவான ஓர் ஒளியுணரியைப் பொருத்தினால், சுற்றுப்புற வெளிச்சத்துக்கு ஏற்பத் திரை தானாக மங்கும்.

2. கறுப்புப் பின்னணி: கறுப்பின்மேல் எண்கள் மட்டும் ஒளிர வேண்டும். பின்னணி சாம்பல் நிறமாக இருந்தால் இரவில் ஒரு சதுரமே மிதக்கும்.

3. வெயில் பொறி: கருவிக்குள் நுழையும் வெயில் திரையில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பலாம். உட்சுவர்கள் பளபளப்பில்லாத கறுப்பாகவும், மேல்மூடி சாய்வாகவும் இருந்தால் அவ்வொளி வேறு பக்கம் போய்விடும்.

வீட்டில் செய்து பாருங்கள்

புகைப்படச் சட்டத்தின் கண்ணாடி ஒன்றை, பெரியவர் உதவியுடன் கழற்றி மேசைமேல் வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியின் டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நெருக்கமாக இரண்டு ஒளிப்புள்ளிகள் தெரியும். இப்போது கண்ணாடியின் அடிப்புறத்தில் கறுப்பு டேப்பை அழுத்தி ஒட்டுங்கள். ஒரு புள்ளி மங்கிவிடும். எந்தப் பரப்பிலிருந்து வந்த புள்ளி அது?

விடை கிடைத்துவிட்டால், அடுத்த முறை இத்தகைய கருவியை வாங்கும்போது விலையோடு சேர்த்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: பிம்பம் ஒன்றா, இரண்டா? எவ்வளவு தூரத்தில் தெரிகிறது? இரவில் தானாக மங்குகிறதா? வாங்கிய பின் சோதிப்பதும் பொருத்துவதும் கார் நின்றிருக்கும்போது மட்டுமே.