அந்தரங்கமும் ஓர் அமானிதம்

வியாபாரிகளுக்கான பாடம்

 

அமானிதம் என்னும் சொல் நம் கடைத்தெருவுக்குப் புதியதன்று. ஊருக்குப் புறப்படும் ஒருவர் தம் பணப்பையை நம்மிடம் ஒப்படைத்து, திரும்பி வரும் வரை வைத்திருக்கச் சொன்னால், அதிலிருந்து ஒரு வெள்ளியை எடுத்துச் சரக்கு வாங்க நம் கை துணியாது. எடுத்துவிட்டுப் பிறகு வைத்துவிடலாமே என்று மனம் சொன்னாலும், ஈமான் தடுத்து நிறுத்தும். ஆனால் அதே மனிதர் தம் தொலைபேசி எண்ணையும், வீட்டு விலாசத்தையும், தமக்குள்ள கடன் பாக்கியையும் நம்மிடம் விட்டுச் செல்கிறாரே, அவற்றை அமானிதம் என்று நம்மில் எத்தனை பேர் கருதுகிறோம்? இதுவே இப்பாடத்தின் கேள்வி. பிறர் பணத்தைக் காப்பது போலவே பிறர் செய்தியையும் காப்பது வியாபாரியின் மீது கடமை என்பதே இதன் முடிவு.

1. பார்வைக்கும் அனுமதி வேண்டும்

நமது புக்கிட் பாஞ்சாங்கில் ஓடும் இலகு ரயில், சிங்கப்பூரின் முதல் இலகு ரயிலாகும். 1999-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி அது திறக்கப்பட்டது. ஓட்டுநர் இல்லாமல், ரப்பர் சக்கரங்களில், தூண்களின் மேல் கட்டிய பாதையில் அது செல்கிறது. அந்தப் பாதை சில இடங்களில் அடுக்குமாடி வீடுகளுக்கு மிக நெருங்கிப் போகிறது. வண்டியில் நிற்பவருக்கு ஒரு வீட்டாரின் கூடமும் அடுக்களையும் கண்ணெதிரே வந்து நிற்கும்.

இதற்கு ஒரு பரிகாரம் செய்தார்கள். வீடுகளை நெருங்கும்போது வண்டியின் ஜன்னல் கண்ணாடிகள் பனி மூடியது போல் தாமாகவே மங்கிவிடும். வீடுகளைக் கடந்ததும் தெளிந்துவிடும். வியாபாரியாகிய நாம் இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பயணிகள் எல்லாரும் நல்லவர்கள், யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்று சும்மா இருந்துவிடவில்லை. பார்வை போகாதபடி வண்டியிலேயே ஏற்பாடு செய்தார்கள். மற்றொன்று, வழி முழுவதும் கண்ணாடியை மறைத்துவிடவுமில்லை. வேண்டிய இடத்தில் மட்டுமே மறைத்தார்கள். காவலும் அளவும் ஒன்றாக இருந்தன.

இந்த யந்திரம் செய்வதை நம் மார்க்கம் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே மனிதனுக்குக் கட்டளையாக விதித்துவிட்டது. பிறர் வீட்டில் அனுமதி பெற்று, ஸலாம் கூறிய பின்னரே நுழைய வேண்டும் என்பது திருக்குர்ஆனின் 24-ஆம் அத்தியாயம் 27-ஆம் வசனத்தின் போதனை. அடுத்து வரும் 30, 31-ஆம் வசனங்கள் ஆண்களும் பெண்களும் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளக் கட்டளையிடுகின்றன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒருவர் துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்தபோது, அனுமதி கேட்க வேண்டும் என்று விதிக்கப்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்ற கருத்தில் அவர்கள் கண்டித்ததாக புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் காண்கிறோம். காலை உள்ளே வைக்காதவனும் கண்ணை உள்ளே வைத்தால் நுழைந்தவனே ஆகிறான்.

2. தொழுகை நேரம் காட்டிய செயலி

இக்காலத்தில் எட்டிப் பார்க்கச் சுவரில் துவாரம் வேண்டியதில்லை. நம் சட்டைப் பையிலிருக்கும் கைத்தொலைபேசியே போதும். தொழுகை நேரத்தையும் கிப்லாவின் திசையையும் காட்டும் 'முஸ்லிம் புரோ' என்னும் செயலியை நம்மில் பலர் அறிவர். சிங்கப்பூரில் உருவாகி, உலகெங்கும் பல கோடி முறை இறக்கிக்கொள்ளப்பட்டது அது. தொழுகை நேரத்தைக் கணக்கிட நாம் இருக்கும் இடம் அதற்குத் தெரிய வேண்டும். அது நியாயமான தேவையே.

2020 நவம்பரில் ஓர் அமெரிக்கப் பத்திரிகை ஒரு செய்தியை வெளியிட்டது. இச்செயலியிலிருந்து பயனீட்டாளர்களின் இருப்பிடத் தகவல் 'எக்ஸ்-மோட்' என்னும் நிறுவனத்துக்குப் போயிற்று என்றும், அந்நிறுவனம் அத்தகைய தகவலை அமெரிக்க இராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்களுக்கு விற்றது என்றும் அது கூறியது. முஸ்லிம் புரோ நிறுவனத்தார், தாங்கள் இராணுவத்துக்கு எதையும் விற்கவில்லை என்று மறுத்தார்கள். ஆயினும் எக்ஸ்-மோடுடன் இருந்த தொடர்பை உடனே முறித்துக்கொள்வதாக அறிவித்தார்கள். எக்ஸ்-மோட் நிறுவனமோ, மருத்துவமனை, வழிபாட்டுத்தலம் போன்ற இடங்களுக்குச் சென்றோரைக் காட்டிக்கொடுக்கும் தகவல்களை விற்கலாகாது என்று 2024 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் தடைக்கு உள்ளாயிற்று.

இதில் நமக்குள்ள பாடம் யாது? தகவலைக் கொடுத்தவர் தொழுகைக்காகக் கொடுத்தார். அது ஒரு கையிலிருந்து மறு கைக்கும், அங்கிருந்து மூன்றாம் கைக்கும் போயிற்று. முதல் கைக்கு மூன்றாம் கை இன்னதென்று தெரியாமலும் இருந்திருக்கலாம். ஆனால், அமானிதமாக வாங்கிய நகையை அடுத்த கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, அவர் யாருக்குக் கொடுத்தாரோ எனக்குத் தெரியாது என்று ஒரு முஸ்லிம் சொல்ல முடியுமா?

3. ஒன்றுக்கென்று வாங்கியதை மற்றொன்றுக்கு எடுப்பது

கொவிட் கிருமித்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் மாதத்தில், 'ட்ரேஸ்டுகெதர்' என்னும் செயலியை நமது அரசாங்கம் கொண்டுவந்தது. நோயாளியின் அருகே இருந்தவர்களைக் கண்டறிவதே அதன் நோக்கம் என்று சொல்லப்பட்டது. மக்களும் நம்பி ஏற்றார்கள். நம் கடை வாசல்களிலும் வருகையைப் பதியச் சொல்லி அட்டை வைத்திருந்தோம்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி காவல்துறையும் அத்தகவலைக் கேட்டுப் பெறலாம் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மக்களுக்கு மனத்தாங்கல் உண்டாயிற்று. கொலைகாரனைப் பிடிக்க வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. முன்னே சொன்னது ஒன்று, இப்போது கேட்பது வேறு என்பதே மனத்தாங்கலின் காரணம். அரசாங்கம் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. அடுத்த மாதமே, பிப்ரவரி 2-ஆம் தேதி, ஏழு வகைக் கடுங்குற்றங்களின் விசாரணைக்கு மட்டுமே அத்தகவலைப் பயன்படுத்தலாம் என்று சட்டம் இயற்றியது. 2023-இல் அந்த ஏற்பாட்டை நிறுத்தியபோது, ஒரு கொலை வழக்குக்குரியதைத் தவிர, ஆளை அடையாளம் காட்டும் தகவல்கள் அழிக்கப்பட்டன.

வார்த்தை தவறியதாகத் தோன்றியவுடன் எல்லை வகுத்ததும், வேலை முடிந்தவுடன் ஏட்டை அழித்ததும் வியாபாரிக்கும் நல்ல முன்மாதிரியாகும். நம்மில் பலர் பத்தாண்டுக்கு முந்தைய வாடிக்கையாளர் பட்டியலையும் இழுப்பறையில் பூட்டில்லாமல் வைத்திருக்கிறோம் அல்லவா?

4. சட்டம் சொல்வது

சிங்கப்பூரில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. அதன் முக்கிய விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடப்புக்கு வந்தன. பெரிய கம்பெனிகளுக்குத்தான் இது என்று எண்ணற்க. ஒற்றைக் கடை நடத்துபவரையும் இது கட்டுப்படுத்தும். ஏன் கேட்கிறோம் என்று சொல்லி, சம்மதம் பெற்று, சொன்ன காரியத்துக்கு மட்டும் பயன்படுத்தி, பத்திரமாக வைத்து, தேவை தீர்ந்ததும் நீக்கிவிட வேண்டும் என்பதே அதன் சாரம்.

2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரும் இடங்களிலும், ஆளை ஐயமின்றி உறுதிசெய்தே ஆக வேண்டிய இடங்களிலும் தவிர, அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டு வாங்குவதோ, அட்டையைப் பிடித்து வைத்துக்கொள்வதோ கூடாது. ஓர் அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு அந்த இலக்கம் எதற்கு?

2024 டிசம்பரில் நடந்ததும் நினைவிருக்கும். நிறுவனங்களைப் பதிவு செய்யும் அக்ரா ஆணையத்தின் 'பிஸ்ஃபைல்' தளத்தில் பெயரைத் தேடினாலே முழு அடையாள அட்டை இலக்கமும் சில நாட்கள் தெரிந்தது. அதில் பெயர் பதிந்திருப்பவர்கள் நம்மைப் போன்ற வியாபாரிகளே. அரசாங்கம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. அந்த இலக்கம் பெயரைப் போல ஆளைக் குறிப்பதற்கே அன்றி, பூட்டின் சாவியாக ஆகாது என்றும் எடுத்துச் சொன்னது. ஆகவே, எவரேனும் தொலைபேசியில் நம் இலக்கத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார் என்பதற்காக அவரை வங்கிக்காரர் என்று நம்பிவிட வேண்டாம்.

5. மறைக்க ஒன்றுமில்லாதவருக்குப் பயம் ஏன்?

இவ்வாறு கேட்கும் சகோதரர்கள் உண்டு. அவர்களுக்கு நம் கடைக் கணக்கிலிருந்தே விடை சொல்லலாம். கணவரை இழந்த ஒரு பெண்மணி மாதக் கணக்கில் அரிசியும் எண்ணெயும் வாங்குகிறார். இரண்டு மாதம் பாக்கி நிற்கிறது. அவர் திருடவில்லை, குற்றம் எதுவும் செய்யவில்லை. ஆனால் பற்று நோட்டு மேசைமேல் திறந்து கிடக்க, பக்கத்து வீட்டார் அதைப் படித்துவிட்டால், அப்பெண்மணி நாளை அந்தத் தாழ்வாரத்தில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்? அந்தரங்கம் என்பது குற்றவாளியின் ஒளிவிடம் அன்று, மானமுள்ளவர்களின் ஆடையாகும்.

கடனை எழுதி வைக்கும்படி திருக்குர்ஆன் 2-ஆம் அத்தியாயம் 282-ஆம் வசனம் கற்பிக்கிறது. எழுதுவது தவறன்று, எழுதியதைக் காட்டுவதே தவறு. ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒன்றைச் சொன்னால், அச்சொல்லே அமானிதம் என்ற கருத்துள்ள ஹதீஸை அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்துள்ளனர். 'பிறரிடம் சொல்லாதீர்கள்' என்று அவர் வாய்விட்டுக் கேட்க வேண்டியதுகூட இல்லை.

6. கடையில் செய்ய வேண்டியவை

முதலாவது, தேவையில்லாததைக் கேளாதீர்கள். வீட்டுக்குச் சாமான் அனுப்ப விலாசம் வேண்டும், பிறந்த தேதி வேண்டாம்.

இரண்டாவது, பற்று நோட்டை மூடி வையுங்கள். பாக்கியைப் பிறர் முன் உரக்கச் சொல்லிக் கேளாதீர்கள். கணினியிலோ கைத்தொலைபேசியிலோ கணக்கு வைத்திருந்தால், மறைச்சொல்லை வேலையாட்கள் எல்லாருக்கும் பொதுவாக்காதீர்கள்.

மூன்றாவது, சாமான் கொண்டு செல்லும் பையனுக்கு அமானிதத்தைக் கற்பியுங்கள். எந்த வீட்டில் யார் தனியே இருக்கிறார், எப்போது ஆளில்லை என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். திருடனுக்கு அதுவே பெரும் முதல்.

நான்காவது, காமிரா வைப்பது பாதுகாப்புக்காக. அதை வாசலையும் கல்லாவையும் நோக்கித் திருப்புங்கள், காமிரா உண்டென்று அறிவிப்பும் வையுங்கள். டாக்சியின் உள்ளே பயணியைப் படம்பிடிக்கும் கருவிக்கும் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியும் அறிவிப்பும் வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரால் எல்லையின்றிப் பார்க்க எவருக்கும் உரிமையில்லை.

ஐந்தாவது, சந்தேகப்பட்ட ஒருவரின் படத்தை வாட்ஸ்அப்பில் திருடன் என்று அனுப்பாதீர்கள். காவல்துறையிடம் கொடுங்கள். அதிகச் சந்தேகத்தையும், துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும் திருக்குர்ஆன் 49-ஆம் அத்தியாயம் 12-ஆம் வசனம் ஒருங்கே தடுக்கிறது. அந்த ஒரு படத்தில் மூன்று குற்றமும் சேர்ந்துவிடலாம். அவர் நிரபராதி என்று பிறகு தெரிந்தால், போன படத்தை யார் திரும்பக் கொண்டுவருவது?

ஆறாவது, வாடிக்கையாளர் பட்டியலை யாருக்கும் விற்காதீர்கள், இனாமாகவும் கொடுக்காதீர்கள். நண்பரின் புதுக் கடைக்கு விளம்பரம் செய்யக்கூட அது நமக்குச் சொந்தமன்று.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. உங்கள் கடையில் பிறரைப் பற்றிய செய்திகள் எங்கெங்கே எழுதப்பட்டுள்ளன? அவற்றில் எவை இனித் தேவையில்லை?
2. உங்கள் கைத்தொலைபேசியில் எத்தனை செயலிகளுக்கு உங்கள் இருப்பிடம் தெரியும்? அவற்றுள் எதற்கு அது உண்மையில் வேண்டும்?
3. உங்கள் சொந்தக் கணக்கு வேறொருவர் கடையில் திறந்து கிடந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு வரும் விடையே மற்ற இரண்டுக்கும் வழிகாட்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவம் பெறுமுன் வியாபாரம் செய்த நாளிலேயே 'அல் அமீன்', நம்பிக்கைக்குரியவர், என்று மக்காவாசிகளிடம் பெயர் பெற்றவர்கள். அவர்களை ஏற்க மறுத்தவர்களும் தங்கள் பொருள்களை அவர்களிடமே அமானிதமாக வைத்திருந்தார்கள். அந்தப் பெயரில் ஒரு சிறு பங்கேனும் நம் கடைப் பலகைகளுக்கும் கிடைக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.