கால் இழந்தவர் தோட்டத்துக்குத் திரும்ப

1990 ஆம் ஆண்டில் காங்கேசன்துறையையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் விட்டு எழுந்த கமக்காரக் குடும்பங்கள் பல, மல்லாகம், சுன்னாகம் பக்கங்களில் நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வளவுகளிலும் ஆண்டுக்கணக்காக இருந்தன. 2010 ஆம் ஆண்டின் பின் காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டன. திரும்பியவர்கள் உண்டு, காத்திருப்பவர்களும் உண்டு. இவர்களுள் ஷெல்லடியிலும் மிதிவெடியிலும் காலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். நீரிழிவினால் கால் எடுக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். "காணி கிடைத்தாலும் இந்தக் காலோடு என்ன செய்வது?" என்று அவர்கள் எம்மிடம் கேட்பதுண்டு. அதற்காகவே இம்முறைப் பாடம்.

முதலில் எமது பிழையைச் சொல்லிவிடுகிறோம். கால் இழந்த கமக்காரர் ஒருவர் உதவி கேட்டு வந்தால், முன்னர் நாம் அதிகம் யோசியாமல் ஒரு பெட்டிக்கடைக்கு வழிசெய்து கொடுத்தோம். இருந்த இடத்தில் இருந்து செய்யும் தொழில்தானே அவருக்கு நல்லது என்பது எமது எண்ணம். அப்படிக் கடை பெற்ற ஒருவரைச் சில மாதங்களின் பின் பார்க்கப் போனோம். கடை பூட்டிக் கிடந்தது. மனிதர் பக்கத்து வளவில், கையை நிலத்தில் ஊன்றி அரக்கி அரக்கி, மிளகாய்க் கன்றுகளுக்குக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். பொய்க்கால் எங்கே என்று கேட்டோம். கட்டிலுக்குக் கீழே இருந்தது. "சுவாமி, அது கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போக நல்லது. மண்ணுக்கு உதவாது" என்றார்.

இதே சிக்கல் அறுபதுகளில் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரிலும் எழுந்தது. அங்கு எலும்பு வைத்திய நிபுணராக இருந்த பி. கே. சேத்தி, தாம் கொடுத்த பொய்க்கால்களைக் கிராமத்தவர் சில நாள் போட்டுவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பிவிடுவதைக் கண்டார். அக்காலப் பொய்க்கால் மேல்நாட்டில் சப்பாத்துக்குள் நடப்பதற்கென்று ஆக்கப்பட்டது. அதோடு குந்த முடியாது; சம்மணமிட முடியாது; வயல் நீரில் சப்பாத்து ஊறிப் பழுதாகும். ஆகவே அவரும், பள்ளிப்படிப்பு அதிகமில்லாத கைவினைஞரான ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து 1968 ஆம் ஆண்டளவில் வேறொரு பாதத்தை உருவாக்கினர். உள்ளே மரமும் மெத்தென்ற இறப்பரும். வெளியே ரயரைப் போலச் சூட்டில் இறுக்கிய இறப்பர். பார்வைக்கு இயல்பான பாதம். சப்பாத்து வேண்டியதில்லை. பல பக்கமும் வளைவதால் கல்லு நிலத்திலும் மண்ணோடு ஒத்துப்போகும். 1981 இல் சேத்திக்கு மக்சேசே விருது கிடைத்தது. கைவினைஞரின் பெயரை அறிந்தவர் குறைவு. அதை இங்கே சொல்லாமல் விட எமக்கு மனமில்லை.

யாழ்ப்பாணத்தில் 1987 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜெய்ப்பூர் நிலையம் போர்க் காலத்தில் அங்கமிழந்த பலரை நடக்க வைத்தது. இத்தகைய நிலையத்துக்குப் போகிறவர் "கால் வேண்டும்" என்று மட்டும் கேட்டு நிற்காமல் தமது வேலையைச் சொல்ல வேண்டும். வெங்காய நடுகைக்குக் குந்துவேன், பாத்திக்குத் தண்ணீர் மாறுவேன், சயிக்கிளில் சந்தைக்கு மூட்டை கொண்டுபோவேன் என்று விபரமாகச் சொன்னால்தான் செய்பவருக்கும் விளங்கும். முழங்காலுக்குக் கீழே இழந்தவர் பெரும்பாலான தோட்ட வேலைகளுக்குத் திரும்பலாம். முழங்காலுக்கு மேலே இழந்தவருக்குக் குந்துவது கடினம். நடுகைக்கும் களைக்கும் அவர் ஒரு சாண் உயரமான பலகையில் இருந்து, பலகையை நகர்த்தி நகர்த்திச் செய்யலாம்.

பொய்க்கால் எவ்வளவு நல்லதாயினும் மிஞ்சிய கால் பழுதானால் பயனில்லை. வீட்டார் அன்பினால் செய்யும் தவறொன்று உண்டு: நோகாமல் இருக்கட்டும் என்று முழங்காலுக்குக் கீழே தலையணை வைப்பது. நாள் போக மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும். பின் பொய்க்கால் பொருந்தாது. காலை நீட்டியே வைக்க வேண்டும். தொடையில் இழந்தவர் தினமும் சிறிது நேரம் குப்புறப் படுக்க வேண்டும். இரவில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாக ஈரம் ஒற்றி, கண்ணாடி பிடித்து அடிப்பக்கத்தைப் பார்க்கவும். சிவப்போ கொப்புளமோ இருந்தால் ஆறும்வரை பொய்க்காலைப் போட வேண்டாம். உறையைத் தினமும் தோய்க்கவும். செம்பாட்டுத் தூசியும் வியர்வையும் சேர்ந்தால் தோல் உரியும். முதல் மாதங்களில் மிஞ்சிய கால் வற்றும், பொய்க்கால் தளரும். துணியை அடைந்து சமாளிக்காமல் நிலையத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். நீரிழிவுள்ளவர் மற்றக் காலில் செருப்பில்லாமல் தோட்டத்தில் இறங்கவே கூடாது.

இல்லாத பாதம் இரவில் எரிவதாகவும் கடுப்பதாகவும் சிலர் சொல்வார்கள். அது பேயுமல்ல, மனப் பிரமையுமல்ல. அறுபட்ட நரம்பின் வேதனை அது. வைத்தியரிடம் சொன்னால் குறைக்க வழியுண்டு.

காணியில் இறங்குமுன் ஒன்று. காணி விடப்பட்டது என்பது மட்டும் போதாது. மிதிவெடி அகற்றப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்த பின்னரே பற்றையில் கை வைக்க வேண்டும். பற்றைக்கு நெருப்பு வைப்பது பேராபத்து. அறியாத பொருள் கண்ணிற்பட்டால் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி வந்து அறிவிக்கவும்.

இனி வேலை. முதற்கிழமை மண்வெட்டியைத் தொட வேண்டாம். விடியலில் வரம்பில் நடந்து பழகட்டும். விழுவது நிச்சயம், எழும்பும் விதத்தையும் வீட்டார் பார்த்திருக்கப் பழக வேண்டும், உடனே ஓடிப்போய்த் தூக்காமல். பின் தண்ணீர் மாறுதல், அதன்பின் களை, கடைசியாகக் கொத்து. கொத்தும்போது பாரம் நல்ல காலில் நிற்கும்படி நிற்பதையும், இடையிடையே இருந்து ஆறுவதையும் அவரவரே கண்டுபிடித்துக்கொள்வார். பாத்திகளுக்கிடையே வழமையைவிட அகலமாக வழி விடவும். கிணற்றடியில் பாசியைச் சுரண்டிவிடவும். ஈரச் சீமெந்தில் இறப்பர்ப் பாதமும் வழுக்கும். வேலை முடிய அதன் சேற்றைக் கழுவி நிழலில் வைக்கவும். கமக்காரரின் பொய்க்கால் மற்றவருடையதைவிட விரைவில் தேயும். வெடிப்புக் கண்டதும் திருத்தக் கொடுக்கவும்.

முதற் போகத்துக்கு இரண்டு பரப்புப் போதும். அதற்கு அளவாகவே விதைவெங்காயம் வாங்கவும்.